பதினோராவது கம்பு

கனிசியஸ் செத்தபோது அன்னாள்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அவன் கொடுக்கவேண்டியிருந்தது நூற்றி அறுபத்திரண்டு ரூபா ஐம்பது சதம். மாதச் சந்தா பன்னிரண்டரை ரூபா. பதின்மூன்று மாதம் கட்டவில்லை. பன்னிரண்டு மாதம் நிலுவை விழுந்தாலே ஆளை நீக்கிவிடுவது அங்கே சட்டம். நீக்கப்பட்டவனுக்குப் பெரிய தாழ்வில் முறை கிடையாது.

முறை என்றால் என்னவென்று சொல்லவேண்டும். அன்னாள்துறைக்கு முன்னால் கிடக்கிற ஆழமில்லாத பரவைக்கடலில் நல்ல இறால் படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் பெரிய தாழ்வு என்பார்கள். எல்லாரும் ஒரே நாளில் போய் விழுந்தால் ஒருவருக்கும் மிஞ்சாது என்று, நாளுக்கு மூன்று வள்ளம், பதினொரு பேர் என்று வைத்திருந்தார்கள். யாருக்கு எந்த நாள் என்பது சங்கத்து முறைக்கொப்பியில் எழுதியிருக்கும். தன் முறைக்குத் தானேதான் போகவேண்டும். காய்ச்சல் வந்தால் அந்த முறை வீண்தான். இன்னொருவனுக்கு விற்றது தெரிந்தால் விற்றவனுக்கு ஒரு வருஷம் கடல் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம், சோளகக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் மூன்று வள்ளம் பெரிய தாழ்வுக்குப் போனது. நேவிப் படகு வந்து சுட்டது. மூன்று வள்ளமும் மூழ்கிப்போயின. நாலு உடல் கரைக்கு வந்தது. மற்றதைக் கடல் வைத்துக்கொண்டது. பங்குச் சுவாமியார் செத்தவர்களின் பேரை எழுத முறைக்கொப்பியை எடுப்பித்தார். அதில் பதினொரு பேர். பதினொருவரில் மரியரட்ணம் உயிரோடு முன்னால் நின்றான், காய்ச்சலால் போகவில்லை என்றான். ஆகவே செத்தது பத்துப் பேர் என்று எழுதிக்கொண்டார்கள்.

உண்மையில் மரியரட்ணத்தின் முறையில் கனிசியஸ் போயிருந்தான். மரியரட்ணத்தின் தங்கச்சி லூர்த்தம்மாவின் புருஷன் அவன். அவன் வள்ளத்தில் ஏறினதைக் கண்டவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் திரும்பி வரவில்லை.

லூர்த்தம்மாவுக்குத் தெரியும். படலையைத் திறக்கும்போது, "கொண்ணையின்ரை முறையிலை போறன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் சொல்லவில்லை. அந்தக் கிழமையே மரியரட்ணம் வந்து அவள் காலடியில் குந்தினான். சங்கத்துக்குத் தெரிந்தால் தன் முறை போய்விடும், இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்று அழுதான். அது பொய்யில்லை. அவன் கொண்டுவருகிற மீனிலும் அரிசியிலும்தான் லூர்த்தம்மாவும் மகள் யசிந்தாவும் அதன்பிறகு தின்றார்கள். அவள் வாயை மூடினாள்.

ஊர் மூடவில்லை. கனிசியஸ் கடன்காரன், இரவோடிரவாக இந்தியாவுக்கு ஓடிவிட்டான் என்று ஒரு கதை எழும்பியது. பிறகு அவனை இராமேஸ்வரத்தில் சிவப்புச் சேட்டோடு கண்டதாக இன்னொரு கதை. அதற்குப் பிறகு பக்கத்தில் ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தாள். லூர்த்தம்மா கறுப்பு உடுக்கவும் முடியவில்லை, நிறம் உடுக்கவும் முடியவில்லை. ஆறு வருஷமாய் ஒரே சாம்பல் நிறச் சேலை இரண்டை மாற்றி மாற்றித் தோய்த்து உடுத்தாள். சவுக்காரம் கிடைப்பது அருமையான காலம் அது. பனங்காய்க் களியில் தோய்த்துத் தோய்த்துச் சேலையும் மக்கிப்போயிற்று.

ஒவ்வொரு ஆடியிலும் அந்த நாள் வரும். கோயிலுக்கு முன் கடற்கரையில் ஒரு மரச் சிலுவை நட்டிருந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆளுக்காக ஒரு தாங்குகம்பைக் கொண்டுபோய் முழங்காலளவு தண்ணீரில் நடுவார்கள். பரவைக்கடலில் வள்ளத்தை ஊன்றித் தள்ளுகிற கம்பு அது. செத்தவர்களின் கம்புகள் வள்ளத்தோடு போய்விட்டதால் எல்லாம் புதிதாக வெட்டினவை. நுனியில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். பத்துக் கம்பும் பொழுதுபடும்வரை காற்றில் படபடத்துக்கொண்டு நிற்கும். லூர்த்தம்மா கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்று சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள்.

தொண்ணூற்றிரண்டில்தான் மரச் சிலுவைக்குப் பக்கத்தில் செத்தவர்களின் பேர் வெட்டிய கல் வைக்கிற கதை வந்தது.

சீமெந்து யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டார்கள். சிலர் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். செபஸ்தியம்மா கோழிக்கூட்டுக்கு வைத்திருந்த அரைப் பையைக் கொடுத்தாள். புருஷனும் மகனும் ஒரே வள்ளத்தில் போனவள் அவள். பையைப் பிரித்து, உள்ளே இறுகிக் கட்டியாய்க் கிடந்ததைப் பார்த்த மேசன் ஏரம்பு, "ஆச்சி, உது சீமெந்தில்லை. அப்பிடியே தூக்கி வைச்சால் உதுவே ஒரு கல்லறை" என்றான். செபஸ்தியம்மாவும் சிரித்துவிட்டாள்.

ஏரம்பு சுன்னாகத்துக்காரன். சைக்கிளில் உளியும் சுத்தியலும் கட்டிக்கொண்டு நாள்தோறும் வருவான். ஷெல் விழுந்து இடிந்த ஒரு மில்லின் வாசற்கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, மில்லுக்காரன் காலால் தேய்த்த பக்கத்தைக் கீழே போட்டுவிட்டு, மற்றப் பக்கத்தில் பேர் வெட்டத் தொடங்கினான். ஐந்தாவது பேர் வெட்டிக்கொண்டிருந்தபோது லூர்த்தம்மா வந்தாள். சங்கத் தலைவர் அருட்பிரகாசம் சம்மாட்டியார் பூவரசு நிழலில் கதிரை போட்டு இருந்தார். மரியரட்ணம் அலவாங்கால் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சம்மாட்டியார், எங்கடை மனிசன்ரை பேரையும் வெட்டவேணும்."

அருட்பிரகாசம் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஆற்றை பேரை?"

"கனிசியஸின்ரை பேரை. நிலுவைக்காசு கிடக்கெண்டு தெரியும். கட்டுறன். ஒரேயடியாய் ஏலாது, கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டுறன்."

"எடி பிள்ளை, காசே இஞ்சை கதை? முறைக்கொப்பியிலை அண்டைக்குப் பதினொரு பேர். கொண்ணை காய்ச்சலாலை நிண்டவன், மற்றப் பத்துப் பேரும் போச்சினம். உன்ரை மனிசனுக்கு அப்ப முறையும் இல்லை, வள்ளமும் இல்லை. எந்த வள்ளத்திலை ஏறினவன்? ஆர் கண்டது?"

"அவர் போனதை நான் கண்டனான்."

"நீ கண்டது படலையைத் திறந்துகொண்டு போனதை. படலைக்கு வெளியிலை இந்தியாவும் கிடக்கு."

ஏரம்புவின் உளி நின்றது. "சம்மாட்டியார், ஒரு பேருக்கு இடம் விடுறதெண்டால் இப்பவே சொல்லவேணும். பிறகு கல்லு இழுபடாது" என்றான்.

"நீ உன்ரை வேலையைப் பார் மேசன். உயிரோடை இருக்கிறவன்ரை பேரைக் கல்லிலை வெட்டி நாளைக்கு அவன் பெட்டியோடை வந்து இறங்கினால் நானே பதில் சொல்லுறது?"

இரண்டொருவர் சிரித்தார்கள். லூர்த்தம்மா அண்ணனைப் பார்த்தாள். மரியரட்ணம் அலவாங்கின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பி நடந்தாள்.

அடுத்தநாள் மத்தியானம் மரியரட்ணம் அவள் வளவுக்கு வந்தான். வெய்யில் கொளுத்தியது. கருவாட்டுப் பந்தலில் திரளி மீனும் ஓராவும் பிளந்து பரப்பியிருந்தது. லூர்த்தம்மா ஒவ்வொன்றாய்ப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையில் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனால் காசு கொஞ்சம் கிடைக்கும், மிச்சத்தைக் கொடுத்து வெங்காயம் மாறலாம். மரியரட்ணம் கொண்டுவந்த அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு, பந்தலின் மறுபக்கம் நின்று அவனும் மீன் பிரட்டத் தொடங்கினான்.

"பிள்ளை எங்கை?"

"பள்ளிக்கூடம் போகமாட்டனெண்டு உள்ளை கிடக்கிறாள். பேர் வெட்டுற கதை அங்கையும் போட்டுது. உன்ரை கொப்பர் கல்லிலை இல்லை, கடிதத்திலை வருவாரெண்டு ஒருத்தி சொன்னவளாம்."

அவன் இன்னொரு மீனைப் பிரட்டினான்.

"அண்ணை, நீங்க சொல்லவேணும்."

"என்னத்தை?"

"என்னத்தையெண்டு தெரியாதே உங்களுக்கு? ஆறு வருசம் நான் வாய் திறக்கேல்லை. மரச் சிலுவையிலை ஒருத்தற்றை பேரும் இல்லை, அதாலை மனசைத் தேத்திக்கொண்டு கிடந்தன். இது கல்லு அண்ணை. நானும் நீங்களும் செத்தாப் பிறகும் பத்துப் பேரெண்டுதான் நிக்கும். அந்தாள் ஓடிப்போனவனாய்த்தான் கிடக்கப்போறார்."

"முறையை வித்தது தெரிஞ்சால் ஒரு வருசம் கடல் இல்லை, லூர்த்து. எனக்கும் நாலு பிள்ளையள்."

"ஒரு வருசம்தானே? நான் கருவாடு வித்து உங்கடை வீட்டுக்கும் சேத்து உலை வைக்கிறன். ஸ்ரெல்லா மச்சாளும் நானும் கூலிக்கு வலையிலை மீன் கழட்டப் போறம். நீங்க ஆறு வருசம் எங்களைப் பாத்தனீங்க. ஒரு வருசம் நான் பாக்கமாட்டனே?"

மரியரட்ணம் மீனைப் பிரட்டுவதை விட்டான். அவள் அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் அவன் இன்னும் ஆறு வருஷம் பேசாமல் இருந்திருப்பான்.

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, பிள்ளை."

"தெரியும். குடிவெறியிலை கிடந்திருப்பீங்க."

"வெறியும் இல்லை." அவன் குரல் இறங்கியது. "முதல்நாள் பின்னேரம் கள்ளுத் தவறணையிலை குருநகர் மீன்காரன் ஒருத்தன் சொன்னவன். உங்கடை தாழ்வுக்குக் கிட்ட நேவிக்காரன் ரெண்டு நாளாய்ப் படுத்துக் கிடக்கிறான், வாற வள்ளத்தைச் சுடுவானெண்டு. கூட இருந்தவங்கள் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சனான். வீட்டை வந்து படுத்தால் நித்திரை வரேல்லை. பயம் பிடிச்சிட்டுது."

லூர்த்தம்மா கையில் எடுத்த மீனை அப்படியே பிடித்திருந்தாள்.

"ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மரியரட்ணம் பயந்து சாகிறான் எண்டு பகிடி பண்ணுவாங்களெண்டு சொல்லேல்லை. அந்த நேரம்தான் கனிசியஸ் வந்தவன். மச்சான், உன்ரை முறையைத் தா, இறால் பட்டால் நிலுவையைக் கட்டிப்போட்டு மற்ற மாசம் என்ரை பேரிலையே போவன் எண்டான்."

"குடுத்தனீங்க."

"குடுத்தனான்."

"அவருக்காவது சொன்னனீங்களே?"

"இல்லை." அவன் கையைத் தலையில் வைத்துக்கொண்டான். "படுற இறாலிலை அரைப்பங்கு தரவேணுமெண்டும் கேட்டனான்."

காகம் ஒன்று பந்தலில் வந்து இறங்கி ஒரு ஓராவைக் கொத்திக்கொண்டு போனது. இருவரும் அதைத் துரத்தவில்லை. லூர்த்தம்மா கையிலிருந்த மீனை அதன் இடத்தில் வைத்தாள். அடுத்ததை எடுத்துப் பிரட்டினாள். அதற்கடுத்ததையும்.

"நீ போ" என்றாள். பிறந்த நாளிலிருந்து அண்ணனை அவள் நீ என்று சொன்னது அன்றுதான்.

கல் நிமிர்த்தப்பட்ட அந்த ஆடி நாளில் சோளகம் மணலை வாரி அடித்தது. பூசைக்கு முழு ஊரும் வந்திருந்தது. சுவாமியார் கல்லுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் பேர்களை வாசித்தார். ஒரு பேர் வாசிக்க ஒரு வீடு தண்ணீருக்குள் இறங்கிக் கம்பு நட்டது. செபஸ்தியம்மா இரண்டு கம்பு நட்டாள். இரண்டாவது சரிந்தது. மகனின் கம்பு அது. அவளே குனிந்து காலால் சேற்றை மிதித்து நிமிர்த்தினாள். பத்துப் பேரும் முடிந்தது. சுவாமியார் தாளை மடித்தார்.

அப்போது கஞ்சிப் பானையடியில் லூர்த்தம்மா இல்லை என்பதை எல்லாரும் கண்டார்கள். அவள் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தாள். தோளில் ஒரு நீளக் கம்பு. பின்னால் யசிந்தா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்றக் கம்புகளைப்போல அது புதிது இல்லை. கை பிடிக்கிற இடத்தில் கறுத்து, தேய்ந்து, ஒடுங்கியிருந்தது. அவள் ஒருவரையும் பாராமல் தண்ணீருக்குள் இறங்கி, பத்தாவது கம்புக்கு ஒரு பாகத் தூரம் தள்ளி அதை ஊன்றினாள்.

"எடி, என்னடி செய்யிறாய்?" அருட்பிரகாசம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நீர்க்கரைக்கு ஓடிவந்தார். "ஆற்றை கம்பு உது?"

"எங்கடை மனிசன்ரை."

"அவன்ரை சொந்தக் கம்போ?"

"ஓம். அவற்றைதான்."

அருட்பிரகாசம் ஊருக்குத் திரும்பினார். "கேட்டியளே? கடலுக்குப் போனவன் கம்பை வீட்டிலை வைச்சிட்டுப் போவானோ? கம்பு வீட்டிலை நிண்டதெண்டால் அவன் கடலுக்குப் போகேல்லை. அவளே தன்ரை வாயாலை சொல்லுறாள்."

சனம் முணுமுணுத்தது. தாங்குகம்பு இல்லாமல் பரவைக்கடலுக்கு ஒருத்தனும் போகமாட்டான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லூர்த்தம்மாவுக்கு அது தோன்றவேயில்லை. அவள் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"என்ரை கம்பைத்தான் கொண்டு போனவன்."

மரியரட்ணம் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தான். பெண்சாதி ஸ்ரெல்லா அவன் சேட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை உதறினான்.

"முறை என்ரை எண்டபடியால் வள்ளத்திலை என்ரை கம்பு முதல்நாளே கிடந்தது. என்ரை பேரிலை, என்ரை கம்போடை போனவன். அதுக்குப் பிறகு நான் புதுக்கம்பு வெட்டினது ஏரம்புக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

சனம் அவனுக்கு வழிவிட்டது. பிறகு ஒரு பெண் குரலெடுத்து அழுதாள். அருட்பிரகாசத்தின் முகம் மாறியது.

"அப்ப நீ முறையை வித்தனி."

"ஓம்."

"என்னத்துக்கு? நீ ஏன் போகேல்லை?"

மரியரட்ணம் கல்லைப் பார்த்தான். பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரின் பெண்களும் தாய்மாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் வாயைத் திறந்தான். சொல்லத்தான் போனான். தண்ணீருக்குள் நின்ற லூர்த்தம்மா அதைக் கண்டாள்.

"அண்ணைக்குக் காய்ச்சல்" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்க. "நெருப்பாய்ச் சுட்டது. நான்தான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். எழும்பக்கூட ஏலாமல் கிடந்தவர்."

மரியரட்ணம் மணலில் முழங்காலில் விழுந்தான். செபஸ்தியம்மா முன்னுக்கு வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் தலையில் வைத்தாள். "அழாதையடா தம்பி. காய்ச்சல்காரன் என்ன செய்வான்? கடவுள் உன்னையாவது விட்டாரே" என்றாள். அவன் அந்தக் கைக்குக் கீழே குறுகிக் குறுகிப் போனான்.

சுவாமியார் தாளைத் திரும்ப விரித்தார். அதில் எழுதாத ஒரு பேரை வாசித்தார்.

சங்கக் கூட்டம் அந்தக் கிழமையே கூடியது. மரியரட்ணத்துக்கு ஒரு வருஷம் முறை இல்லை என்றார்கள். கனிசியஸின் பேரைக் கல்லின் அடியில், ஏரம்பு எப்படியோ விட்டிருந்த நாலு விரல் இடத்தில் வெட்டலாம் என்றார்கள். நீக்கப்பட்டவனின் பேர் சங்கத்துக் கல்லில் வரக்கூடாதே என்று யாரோ கேட்க, நிலுவையைத் தள்ளுபடி செய்துவிடுவோம் என்றார் அருட்பிரகாசம்.

"தள்ளவேண்டாம்" என்று லூர்த்தம்மா எழும்பி நின்றாள். "அதைக் கட்டத்தான் அந்தாள் போனது. நான் கட்டுறன். கட்டினாப் பிறகு வெட்டுங்கோ."

மூன்று மாதம் எடுத்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் வண்டியில் கருவாட்டுக் கடகத்தை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைதோறும் சுன்னாகத்துக்குப் போனாள். புகையில் இருமி இருமிப் போய், இருமி இருமி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் உலை வைப்பேன் என்றவள், வைத்தாள். ஸ்ரெல்லா வந்து அரிசி வாங்கிப் போவாள், முகம் பார்க்கமாட்டாள். மரியரட்ணம் அதே சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தான். இருவரும் ஒரே வானில் வந்த நாட்களிலும் அவள் முன்னுக்கு இருப்பாள், அவன் பின்னுக்குத் தொங்கிக்கொண்டு வருவான்.

வாடைக்காற்று தொடங்கிய ஒரு காலையில் அவள் காசோடு சங்கத்துக் கொட்டிலுக்குப் போனாள். வாசலில் மரியரட்ணம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோளில் மூட்டை தேய்த்த புண். மடித்த தாள்காசை நீட்டினான்.

"பாதியெண்டாலும் நான் கட்டுறன், பிள்ளை."

அவள் அந்தக் காசைப் பார்த்தாள்.

"அரைப்பங்கை நீங்களே வைச்சிருங்கோ, அண்ணை."

அவன் கை நீட்டியபடியே நின்றது. அவள் உள்ளே போய்விட்டாள். சைக்கிள் நகருகிற சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

அருட்பிரகாசம் காசை எண்ணினார். தாள்கள் கருவாடு மணத்தன. நூற்றி அறுபத்திரண்டு. கடைசியில் ஒரு ஐம்பது சதக் குற்றி. பற்றுச்சீட்டுக் கொப்பியை எடுத்துப் பேனையை உதறினார்.

"ஆற்றை பேரிலை எழுத? உன்ரை பேரிலையோ?"

"அவற்றை பேரிலை."

"செத்தவன் காசு கட்டினானெண்டு எப்பிடிப் பிள்ளை எழுதுறது?"

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். லூர்த்தம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமும் மூன்று மாதமும் அழாத அழுகை அவள் முகத்தில் வந்து நின்றது. தாழ்வு, முறை, கம்பு, கல் என்று ஊர் எவ்வளவோ கதைத்தது. செத்தவன் என்கிற அந்தச் சொல்லை மட்டும் அவளுக்கு முன்னால் ஒருவரும் சொன்னதில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, சம்மாட்டியார்."

 அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"கனிசியஸ் செத்துப்போனான், பிள்ளை" என்றார் மெதுவாக. "கடலிலை செத்தவன். எங்கடை ஆக்களோடைதான் செத்தவன்."

அவள் தரையில் இருந்து அழுதாள். அவர் எழும்பாமல், தடுக்காமல் இருந்தார். அழுது முடிந்தபோது பற்றுச்சீட்டைக் கனிசியஸின் பேரிலேயே எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. திருப்பி நீட்டினாள். அவர் வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். பேர், ஊர், தொகை. கடைசி வரிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார்:

"நிலுவை இல்லை."